விரிப்புக்கு மேலே தெரிந்த கைகள்

எங்கள் குடியிருப்பில் பிரேக் அக்கா என்றால் தெரியாதவர்கள் கிடையாது. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வியர்த்து வழிய, அக்கா பக்கத்து இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கின் மேல் பாதத்தைப் பட்டும் படாமலும் வைத்திருப்பார். எதிரே லாரி வந்தாலும் குரல் உயராது. "அது லாரி. அதுக்கு நம்ம மேல ஒரு கோபமும் இல்ல. ஓரமா போங்க," என்பார். பயிற்சிப் பள்ளியில் வேறு ஆசிரியர்கள் இருந்தும், பயந்தாங்கொள்ளிகளை எல்லாம் அவரிடமே தள்ளிவிடுவார்கள்.

ஐம்பதைத் தொடப்போகும் வயது. தோளில் ஒரு தொங்குபை, காலில் எப்போதும் கான்வாஸ் ஷூ. யாரோடும் அவர் மறுத்துப் பேசி நான் பார்த்ததில்லை. எதிராளி சொல்வதை எல்லாம் ஒப்புக்கொண்டே வருவார். கடைசியில் எதிராளிதான் தான் சொன்னதில் தானே மாட்டிக்கொண்டு முழிப்பார். அப்படி ஒருவர் முழிப்பதைப் பார்ப்பதில் அக்காவுக்கு ஒரு தனி ருசி உண்டு. வெளியே காட்டிக்கொள்ளமாட்டார், அவ்வளவுதான்.

அவருடைய கணவர் ஒரு பேக்கரியில் அடுப்பு பார்ப்பவர். அக்காவின் கணவர் மாமாதானே, அதனால் எங்களுக்கு ரொட்டி மாமா. ஊர் உறங்கும்போது ரொட்டி சுட்டு, ஊர் எழும்போது வீடு வந்து, குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் மாலைதான் கண் திறப்பார். இரவெல்லாம் அடுப்பு வாயில் நின்ற மனிதருக்கு நான்கு சுவருக்குள் படுத்தால் மூச்சு முட்டியது. ஏ.சி. போட்டால் மூக்கு அடைத்தது. ஆகவே பால்கனியில் ஒரு மடக்குக் கட்டில். மூன்றாம் மாடி, மேற்குப் பார்த்த பால்கனி. எதிரே இருந்தது புல் மண்டிய காலி இடம். சட்டை இல்லாமல், அரைக்கால் டிரவுசரோடு, வாயைத் திறந்துகொண்டு அவர் பாட்டுக்குத் தூங்குவார். பிற்பகல் வெயில் காலில் தொடங்கி மெல்ல மெல்ல முகம்வரை ஏறும்போது, தூக்கத்திலேயே ஒரு துண்டை எடுத்து மூஞ்சியில் போட்டுக்கொள்வார். பல வருடங்களாக இதில் யாருக்கும் தொந்தரவு இல்லை.

பிறகு அந்தக் காலி இடத்தில் குடியிருப்போர் சங்கம் ஒரு பொதுக்கூடம் கட்டியது. கீழே கூட்டம் நடத்த ஒரு அறை, உச்சியில், எங்கள் மூன்றாம் மாடிக்கு நேரே, ஜிம். ஜிம்முக்கு முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியை ஒட்டி வரிசையாக டிரெட்மில். அதில் ஓடுகிறவர்கள் பார்க்க எதிரே ஒரே ஒரு காட்சிதான் இருந்தது. எங்கள் பால்கனிகளுக்குத் தடுப்பும் கண்ணாடிதான் என்பதால், அந்தக் காட்சியில் எதுவும் மறையவில்லை.

நானும் ஓடியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். ஓடுவது மாதிரி அலுப்பான வேலை உலகத்தில் இல்லை. எதிரே ஒரு மனிதர் புரண்டு படுத்தாலே அது பெரிய நிகழ்ச்சியாகிவிடும். அவர் இடது பக்கம் திரும்பினால் ஓட்டத்தில் பாதி முடிந்தது என்று ஒருவர் கணக்கு வைத்திருந்தார். அவர் தூக்கத்தில் கொசு அடித்தபோது டிரெட்மில் வரிசையே தலையை ஆட்டி ஆமோதித்தது. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. நாளடைவில் அவர்மேல் எல்லாருக்கும் ஒரு பாசமே வந்துவிட்டது.

மாமாவுக்கு மட்டும் இது எதுவும் தெரியாது. ஒரு நாள் லிப்டில், முன்பின் பேசியிராத ஒரு பெண்மணி அவரை உற்றுப் பார்த்து, ரொம்ப அக்கறையோடு கேட்டார்.

"முதுகுல அந்த மச்சத்தை டாக்டர்கிட்ட காட்டிட்டீங்களா? கொஞ்சம் பெரிசாகிட்டு வர்ற மாதிரி இருக்கு."

மாமா வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு, சட்டை போட்டபடியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தன் முதுகில் மச்சம் இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். அக்கா விஷயத்தைக் கேட்டு முதலில் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்புறம் மாமாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். அன்று பகல் மாமா அறைக்குள் படுத்தார், தூங்கவில்லை. மறுநாளும் தூங்கவில்லை. அதற்கு அடுத்த நாள் அடுப்பிலிருந்து தட்டை இழுக்கும்போது கையைச் சுட்டுக்கொண்டு வந்தார். அக்கா அன்றைக்கே ஒரு மூங்கில் திரை வாங்கிவந்து, பால்கனி விட்டத்தில் இரண்டு கொக்கி அடித்துத் தொங்கவிட்டார். வெயிலும் போயிற்று, பார்வையும் போயிற்று. மாமா குறட்டை விட்டுத் தூங்கினார்.

அன்று மாலையே சங்கச் செயலாளர் வந்து அழைப்புமணியை அழுத்தினார்.

செயலாளரைப் பற்றிச் சொல்லவேண்டும். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். இடுப்பு பெல்ட்டில் எப்போதும் ஒரு அளவு டேப் மாட்டியிருக்கும். அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்கு டேப் சார் என்று பெயர். பூந்தொட்டி எவ்வளவு உயரம், சைக்கிள் கோட்டைத் தாண்டி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, எல்லாம் டேப் சொல்லும். ஆனால் அவர் இல்லாவிட்டால் எங்கள் லிப்ட் ஓடாது, குப்பை வண்டி வராது, தண்ணீர்த் தொட்டியை யாரும் கழுவமாட்டார்கள். வேலையில் இருந்தபோது தன் சொந்த மைத்துனரையே டிக்கெட் இல்லாமல் வந்ததற்காக அடுத்த நிலையத்தில் இறக்கிவிட்டவர் என்று சொல்வார்கள். அவரும் அதை மறுத்ததில்லை.

பால்கனி விதிகள் அவர் எழுதியவை. சுவர், விட்டம், தடுப்பு எதிலும் எதையும் அடிக்கவோ கட்டவோ மாட்டவோ கூடாது. தரையில் வைக்கும் பொருள் தடுப்பின் உயரத்தைத் தாண்டக்கூடாது. நிழல்திரை வேண்டுமென்றால் சங்கம் அங்கீகரித்த நிறத்தில், சங்கத்தின் ஒப்புதலோடு மட்டும். அங்கீகரித்த நிறம் 'வெளிர் மணல்'. அதன் மாதிரித் துணி வாசல் அறிவிப்புப் பலகையில் குத்தி வைக்கப்பட்டிருந்தது. பலகை இருந்ததோ வெயிலில். முதல் வருடம் மணலாக இருந்த துணி, அடுத்த வருடம் மோர் நிறத்துக்கு வந்து, இப்போது வெள்ளை என்று சொல்லலாம் போல் இருந்தது. துணி எந்த நிறத்தில் வாங்கினாலும், ஒன்று பழைய மணலுக்குப் பொருந்தாது, இல்லையென்றால் புதிய வெள்ளைக்குப் பொருந்தாது. ஆகவே இதுவரை யாருக்கும் ஒப்புதல் கிடைத்ததில்லை.

அக்கா தகராறு எதுவும் செய்யவில்லை. செயலாளர் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஸ்டூல் போட்டு ஏறித் திரையைக் கழற்றினார், கொக்கிகளையும் பிடுங்கினார், விட்டத்தில் இருந்த ஓட்டைகளைச் சுண்ணாம்பு வைத்து அடைப்பதாகவும் சொன்னார். செயலாளருக்கே கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. இறங்கிப் போகும்போது வாசல்வரை கூடவே போன அக்கா, காவலாளியும் லிப்ட் பழுதுபார்ப்பவரும் கேட்கும்படி ஒரு சந்தேகம் கேட்டார்.

"அண்ணா, எதிலயும் மாட்டக்கூடாது, கட்டக்கூடாது. சரி. கையில பிடிச்சுக்கிட்டா?"

செயலாளர் சிரித்துவிட்டார். அன்றைக்கு அவர் சிரித்தது பெரிய தவறு.

"பிடிச்சுக்கிட்டு நில்லுங்களேன். யார் வேண்டாங்கறா? அதுக்கு விதியே கிடையாது."

"ரொம்ப நன்றிண்ணா," என்றார் அக்கா.

கார் பழக வருகிறவர்களுக்கு வண்டியில் ஏறும் முன்னும் பின்னும் சாலை விதிகள் வகுப்பு உண்டு. எந்தப் பலகைக்கு என்ன அர்த்தம், யாருக்கு யார் வழிவிடவேண்டும், இதெல்லாம். அதுவரை பயிற்சிப் பள்ளியின் மூச்சுமுட்டும் பின்னறையில் நடந்த வகுப்பை அக்கா தன் வீட்டுக்கு மாற்றினார். பள்ளி முதலாளிக்கு அறை மிச்சம், அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவர் வண்டியில் போய்வரும் நேரத்தில் மற்றவர்கள் அக்கா வீட்டில் படிக்கவேண்டும். சும்மா உட்கார்ந்து அல்ல. ஸ்டியரிங் பிடிக்கிறவர்களுக்குத் தோளில் பலம் வேண்டும், கை சோர்ந்தால் வண்டி தடம் மாறும் என்று அக்கா முதல் நாளே விளக்கிவிட்டார். பால்கனியின் இந்த மூலையில் ஒருவர், அந்த மூலையில் ஒருவர். நடுவே அக்காவின் கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த இரட்டைக் கட்டில் விரிப்பு, பெரிய பெரிய சிவப்புப் பூப்போட்டது. கையை உயர்த்தி அதைப் பிடித்து நிற்கவேண்டும். அக்கா வண்டியிலிருந்து இறங்கிவந்து கேள்வி கேட்பார். சரியாகச் சொன்னவர் உள்ளே வந்து உட்காரலாம். தப்பாகச் சொன்னவர் தொடர்ந்து பிடிக்கவேண்டும்.

அந்தப் பருவத்தில் அக்காவிடம் பழகியவர்கள் சாலை விதிகளைப் படித்ததுபோல் வேறு யாரும் படித்திருக்கமாட்டார்கள். ஒரு தையற்காரர் இருந்தார். அவருக்கு ரவுண்டானா மட்டும் எப்படிச் சொன்னாலும் மண்டையில் ஏறவில்லை. வாரக் கணக்கில் விரிப்பின் இடது மூலை அவருடைய மூலையாகவே இருந்தது. மற்றபடி எல்லாருக்கும் அது பிடித்துப்போயிற்று. காற்றடித்தால் விரிப்பு படகுப் பாய்போல் உப்பும், இரண்டு பேரும் சேர்ந்து இழுப்பார்கள். பிடிக்கிறவர்களின் முதுகுக்குப் பின்னால், மாமா இப்போது பனியன் போட்டுக்கொண்டு நிழலில் தூங்குவார். அவருடைய குறட்டை ஏறி இறங்குவதை வைத்து கிளட்சை எப்படி மெதுவாக விடவேண்டும் என்று அக்கா பாடம் நடத்தியதாகக்கூடக் கேள்வி.

ஜிம்மில் எங்களுக்கு இப்போது தெரிந்ததெல்லாம் சிவப்புப் பூக்கள். மேல் ஓரத்தில் நான்கு கைகள். மாமாவைக் காணாத ஏக்கம் இரண்டு நாளில் தீர்ந்துவிட்டது, ஏனென்றால் கைகள் இன்னும் சுவாரசியமாக இருந்தன. ஒன்று சொறியும், ஒன்று தளரும், ஒன்று மற்றதைக் கூப்பிட்டு ஏதோ சொல்லும்.

செயலாளர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். டேப்பை உருவினார், திரும்பச் சுருட்டினார். விதிப் புத்தகத்தைப் பிரித்து வாசித்தார். எதுவும் மாட்டப்படவில்லை, கட்டப்படவில்லை, தரையில் வைக்கப்படவும் இல்லை. அவர் சொன்ன வார்த்தைக்குக் காவலாளி சாட்சி, லிப்ட் பழுதுபார்ப்பவர் சாட்சி. அதைவிடப் பெரிய வேதனை, மற்ற மேற்குப் பால்கனிக்காரர்களும் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். நாலாம் மாடிக் கணக்காளர் ஒரு கையில் குடையும் ஒரு கையில் பேப்பருமாக உட்கார்ந்தார். இரண்டாம் மாடியில் மாமியாரும் மருமகளும் ஒரு போர்வையை ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். அவர்கள் அவ்வளவு நேரம் பக்கத்தில் பக்கத்தில் நின்று பேசியதே அதுதான் முதல் தடவை என்று மருமகள் பிற்பாடு சொன்னாள்.

இங்கே ஒரு ரகசியத்தைச் சொல்லிவிடவேண்டும். அக்காவிடம் கார் பழகியவர்களில் செயலாளரின் மனைவியும் ஒருவர்.

அவர்கள் வீட்டுக் கார் கீழ்த்தளத்தில் சாம்பல் நிற உறைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. கண் அறுவைக்குப் பிறகு செயலாளர் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். நான் ஓட்டட்டுமா என்று மனைவி ஒருமுறை கேட்டதற்கு, உனக்கு எதற்கு இந்த வயதில் என்று சொல்லியிருக்கிறார். கோபமாக அல்ல, குடை எடுத்துக்கொள் என்று சொல்வதுபோல. அந்த அம்மாளுக்கு நகரத்தின் மறுகோடியில் ஒரு தங்கை. அங்கே போகவேண்டுமென்றால் யாராவது ஒருவருடைய தயவு வேண்டும். ஒரு நாள் அவர் அக்காவை மாடிப்படியில் மடக்கி, யாருக்கும் தெரியாமல் கற்றுக்கொடுக்க முடியுமா என்று கேட்டார். செயலாளர் அண்ணா என்றால் இவர் அண்ணி. அண்ணி கேட்டு அக்கா எப்படி மறுப்பார்? வீட்டில் நடைப்பயிற்சி என்று சொல்லிவிட்டு அண்ணி பின்வாசலுக்கு வருவார். மரத்தடியில் எல் போர்டு வண்டி காத்திருக்கும்.

விரிப்பு வகுப்பு தொடங்கியபோது அண்ணி வரவேண்டாம் என்று அக்கா சொல்லிப் பார்த்தார். வந்தாலும் உள்ளே உட்கார்ந்துகொள்ளுங்கள் என்றார். அண்ணி கேட்கவில்லை. எல்லாரும் பிடிக்கும்போது தனக்கு மட்டும் என்ன சலுகை என்று தையற்காரருக்கு எதிர்மூலையில் போய் நின்று கையைத் தூக்கிவிட்டார். கணவர் எழுதிய விதிக்கு எதிரே நிற்பதில் அவருக்கு என்ன சந்தோஷமோ, முகம் அப்படி மலர்ந்திருந்தது என்று அக்கா சொன்னார்.

ஒரு பிற்பகல், செயலாளர் பொறுமை இழந்து கீழிருந்து குரல் கொடுத்தார். பிடித்திருப்பது யார், முகத்தைக் காட்டவேண்டும் என்றார். விரிப்பு லேசாக நடுங்கியது. காற்று என்று நினைத்திருப்பார். அண்ணி வாயை மூடிக்கொண்டு சிரித்ததில் வந்த நடுக்கம் அது. பதில் வராததால் செயலாளர் செல்போனை உயர்த்தி, கைகளைப் பெரிதாக்கிப் படம் எடுத்தார். வெளியாட்களைக் கொண்டுவந்து நிறுத்திக் குடியிருப்பின் முகப்பைக் கெடுக்கிறார்கள் என்பது அவர் கண்டுபிடித்த புதிய குற்றச்சாட்டு. அதற்கு ஆதாரம் வேண்டுமே.

பொதுக்குழு கூடியது. கீழ் அறையில் நாற்காலிகள் போதாமல் படிக்கட்டில்கூட உட்கார்ந்திருந்தார்கள். இவ்வளவு பேர் அதற்கு முன்னால் எந்தக் கூட்டத்துக்கும் வந்ததில்லை. அக்கா நடு வரிசையில் மாமாவோடு உட்கார்ந்திருந்தார். மாமா அன்றைய தூக்கத்தைத் தியாகம் செய்துவிட்டு வந்திருந்தார், கண்கள் செருகிக்கொண்டிருந்தன. அண்ணி இரண்டாவது வரிசையில், வழக்கம்போல்.

செயலாளர் நன்றாகத்தான் பேசினார். முகப்பின் ஒழுங்கு, வெளியாட்களால் வரக்கூடிய ஆபத்து, நாளைக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைப் பிடித்துக்கொண்டு நின்றால் இது வீடா கூத்துமேடையா என்றெல்லாம் கேட்டார். கையில் பிடிப்பதையும் தடைசெய்து ஒரு புதிய விதி கொண்டுவரப்போவதாக அறிவித்தார். பிறகு விளக்கை அணைக்கச் சொல்லி, பின்னால் இருந்த திரையில் படத்தைப் போட்டார்.

செல்போனில் கட்டைவிரல் அளவு இருந்த படம், இப்போது சுவரளவு. சிவப்புப் பூக்கள் தலையளவுக்கு. இடது மூலையில் ஊசி குத்திய தழும்புகளோடு தையற்காரரின் விரல்கள். வலது மூலையில் மெலிந்த ஒரு ஜோடிக் கைகள். ஒரு கட்டைவிரலில் பிளாஸ்திரி. இடது மணிக்கட்டில் பெரிய வட்டமான ஆண்கள் கடிகாரம், அகலமான பழுப்புத் தோல்பட்டை. செயலாளர் தன் பணிக்காலம் முழுக்கக் கட்டியிருந்த கடிகாரம் அது. புதிது வாங்கியபோது பழையதை மனைவி எடுத்துக்கொண்டார், எண்கள் பெரிதாக இருக்கிறதே என்று. குடியிருப்பில் அதைப் பார்க்காத ஆள் இல்லை.

அறையில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. யாரோ இருமினார்கள். எல்லாருடைய தலையும் திரையிலிருந்து இரண்டாவது வரிசைக்கு, இரண்டாவது வரிசையிலிருந்து திரைக்கு என்று போய்வந்தது. செயலாளர் மட்டும் திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்களைப் பார்த்து நின்றார்.

"இந்தக் கைகளுக்குச் சொந்தக்காரங்க இங்க இருந்தா, தைரியமா முன்வந்து ஒத்துக்கணும்," என்றார்.

அண்ணி கையைத் தூக்கினார்.

அவர் ஏதோ கேட்க விரும்புகிறார் என்று செயலாளர் நினைத்துக்கொண்டார். கேள்விகளைக் கடைசியில் எடுத்துக்கொள்ளலாம் என்று மென்மையாகச் சொன்னார். அண்ணி கையை இறக்கவில்லை. பிளாஸ்திரி ஒட்டிய கட்டைவிரல், பெரிய கடிகாரம், எல்லாம் அந்தக் கையிலேயே இருந்தன. செயலாளர் அதைப் பார்த்தார். மெதுவாகத் திரும்பித் திரையைப் பார்த்தார். மறுபடி திரும்பினார். கண் அறுவைக்குப் பிறகு எதையும் கிட்டத்தில் போய்ப் பார்க்கும் பழக்கம் அவருக்கு. திரைக்குப் பக்கத்தில் போய் அந்தக் கடிகாரத்தின் முகத்தைப் பார்த்தார், ரயிலில் ஒரு டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதுபோல.

"நீயா?" என்றார்.

"நான்தாங்க."

"அங்க என்ன பண்ணின?"

"கார் ஓட்டக் கத்துக்கறேன். என் முறை வர்ற வரைக்கும் துணி பிடிச்சேன்."

"அப்போ நடைப்பயிற்சி?"

"பின்வாசல் வரைக்கும் நடந்துதான் போனேன்."

அதுவரை அடக்கிக்கொண்டிருந்த சிரிப்பு படிக்கட்டுப் பக்கம் பீறிட்டது. அப்புறம் அறை முழுக்க. செயலாளர் மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். காது மடல்கள் சிவந்திருந்தன. சிரிக்காமல் இருந்தவர்கள் இரண்டு பேர்தான். ஒருவர் மாமா, அவர் தூங்கிவிட்டிருந்தார். இன்னொருவர் அக்கா. எதிராளி முழிப்பதைப் பார்க்க இத்தனை ஏற்பாடும் செய்தவருக்கு, அந்த முழியைப் பார்த்ததும் ருசிக்கவில்லை. பிற்பாடு என்னிடம் சொன்னார், வண்டி தானாகச் சரிவில் இறங்குகிறது, தன் காலடியில் பெடல் இல்லை, அப்படி இருந்தது என்று. எழுந்து போய்ப் படத்தை அணைத்து, விளக்கைப் போட்டார்.

"போதும்ணா. இதுல யார் தப்பும் இல்ல. நான்தான் கொஞ்சம் விளையாடிட்டேன்," என்றார்.

செயலாளர் அவரைப் பார்க்கவில்லை. மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். மைத்துனரை இறக்கிவிட்ட மனிதர் இப்போது என்ன செய்வார் என்று எல்லாரும் காத்திருந்தோம். அவர் கேட்டது யாரும் எதிர்பார்க்காத கேள்வி.

"கை வலிக்கலயா?"

அண்ணி தூக்கிய கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"வலிக்குது. ரெண்டு கையும்," என்றார். "ரெண்டு கொக்கி அடிச்சுட்டா வலிக்காது."

செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். விதிப் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் புரட்டினார். பிறகு எழுந்து, குரலைச் சரிசெய்துகொண்டு, அவை அறிய இரண்டு விஷயங்கள் சொன்னார். கையில் பிடிப்பது விதிமீறல் ஆகாது, அப்படிச் சொன்னது தானே, ஆகவே யார்மேலும் நடவடிக்கை கிடையாது. இரண்டாவது, கொக்கி அடிக்கலாமா வேண்டாமா என்று இப்போதே கை தூக்கச் சொல்லலாம். எல்லாக் கைகளும் எழுந்தன. மாமாவின் கையை அக்கா தூக்கிப் பிடித்தார்.

அதோடு முடிந்திருக்கும், நிறம் என்று ஒன்று இல்லாவிட்டால். கொக்கி ஒரு நொடியில் நிறைவேறியது. திரை என்ன நிறம் என்பதில் கூட்டம் இருட்டும்வரை நீண்டது. வெளிர் மணல் என்றவர்களிடம் எந்த மணல் என்று கேட்டார்கள். நீலம் என்றவர்களை மருத்துவமனை போலிருக்கும் என்று மடக்கினார்கள். கடைசியில் யாருடைய வெறுப்புக்கும் முழுதாக ஆளாகாத ஒரு நிறம் தேறியது. பச்சை என்று சொன்னால் சாம்பல் மாதிரி இருக்கும், சாம்பல் என்று சொன்னால் பச்சை மாதிரி இருக்கும். தையற்காரர் பிற்பாடு அதைப் பார்த்துவிட்டு, இந்தத் துணியில் சட்டை தைக்கச் சொல்லி இதுவரை யாரும் தன்னிடம் வந்ததில்லை என்றார்.

செயலாளர் வீட்டில் அன்று என்ன நடந்ததோ தெரியாது. இரண்டு நாள் அண்ணியை வெளியில் காணோம். மூன்றாம் நாள் பின்வாசல் மரத்தடியில் அக்கா வண்டியோடு காத்திருந்தபோது அண்ணி வந்தார், கூடவே செயலாளரும் வந்தார். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, சாலை விதிப் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டார். அன்றிலிருந்து அக்காவுக்குத்தான் தலைவலி. அண்ணி ஒரு திருப்பத்தை எடுப்பதற்குள் பின்னாலிருந்து அந்தத் திருப்பத்துக்கான விதியின் எண் வரும். சிக்னல் போட்டது தாமதம் என்பார், கண்ணாடி பார்க்கவில்லை என்பார், வேகத் தடைக்கு முன்னால் இன்னும் குறைத்திருக்கவேண்டும் என்பார். அக்கா எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். ஒரு நாள் மட்டும் பொறுக்கமுடியாமல், பின்சீட்டில் இருப்பவர் ஓட்டுநரின் கவனத்தைக் கலைக்கக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறதா என்று பணிவாகக் கேட்டார். செயலாளர் புத்தகத்தில் தேடினார். இருந்தது. வண்டி வீடு திரும்பும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை.

முதல் தேர்வில் அண்ணி தோற்றார். குறுக்கே வந்த ஒரு நாய்க்கு வழிவிட்டுவிட்டு, அது திரும்பிப் போகும்வரை வண்டியை எடுக்காமல் நின்றுவிட்டாராம். தேர்வாளர் செய்தது தவறு என்று செயலாளர் அந்த அலுவலகத்தில் வாதாடியதை அண்ணி எங்களிடம் நடித்தே காட்டினார். இரண்டாம் முறை தேறினார். சாம்பல் உறை கழன்றது. தங்கை வீட்டுக்கு முதல் தடவை தனியாகத்தான் போவேன் என்று அண்ணி சொல்லிவிட்டார். செயலாளர் வாசலில் நின்று வழியனுப்பிவிட்டு, அவர் திரும்பும்வரை காவலாளியின் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தார்.

அக்கா வீட்டில் பச்சையும் அல்லாத சாம்பலும் அல்லாத திரை தொங்குகிறது. மாமா நன்றாகத் தூங்குகிறார். மச்சத்தை டாக்டரிடம் காட்டியாயிற்று, ஒன்றும் இல்லை. லிப்டில் கேட்ட பெண்மணிக்கு அக்கா மறக்காமல் தகவல் சொல்லிவிட்டார்.

எல்லா மேற்குப் பால்கனிகளிலும் இப்போது அதே திரை. வரிசையாக, ஒரே நிறத்தில், அசையாமல். இதில் பாதிக்கப்பட்டது ஜிம்காரர்கள்தான். எதிரே பார்க்க எதுவும் இல்லை, ஓடினால் தூக்கம் வருகிறது என்று சங்கத்திடம் குறை சொல்லியிருக்கிறார்கள். சுவரில் ஒரு டிவி மாட்டலாமா என்று பேச்சு நடக்கிறது. எந்த சேனல் வைப்பது என்பதில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. அக்காவை நடுவராக இருக்கச் சொல்லிக் கேட்டார்கள். இரண்டு கட்சியும் சொல்வது சரிதான் என்று சொல்லிவிட்டு, வகுப்புக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டார்.